முதல் ஐந்து டின்

வலது தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஓர் இடம். வலி அங்கேதான். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே ஒரு கோலிக்குண்டு நகர்வதுபோல் நகரும். மருமகள் தைலம் தேய்க்கச் சொல்வாள். தைலம் தோலோடு நின்றுவிடும். இந்த வலி எலும்புக்குள் குடித்தனம் வைத்து முப்பத்தாறு வருடம் ஆகிறது. வாடகையும் கொடுப்பதில்லை, காலி பண்ணவும் மாட்டேன் என்கிறது.

மூன்று வாரமாக அது இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு, அதே பழைய ஒற்றை இரட்டைச் சட்டம் என்று மறுபடியும் அறிவித்த நாளிலிருந்து.

அன்று காலை குளித்துவிட்டு ஒற்றைக் கையால் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது மருமகள் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க குளிக்கப் போனப்ப ஒரு பெரியவர் வந்தார். உள்ள வாங்கன்னேன். வரல. மத்தியானம் திரும்ப வர்றாராம்."

"யாருன்னு கேட்டியா?"

"ஏழு வந்தான்னு சொல்லுன்னார். அஞ்சு லிட்டர்னு சொன்னா உங்களுக்குப் புரியுமாம்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஏழுன்னு ஒரு பேரா மாமா?"

"பேரு இல்லம்மா. நம்பர்."

"அப்ப உங்க நம்பர் என்ன?"

"நாலு."

"ஏழும் நாலும் பதினொண்ணு," என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பார்க்கப் போனாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். மனதுக்குள் ஒரு ஓரத்தில், பல வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதுபோல் இருந்தது. வரட்டும். கேட்கட்டும். பின்பக்கத் தகரக் கொட்டகையில் கேன் இருக்கிறது. அதில் ஐந்து லிட்டர் இருக்கிறது. முப்பத்தாறு வருடத்தில் அது காலியாக இருந்த நாளே கிடையாது.

*

அப்போது அவன் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். வயது முப்பத்திரண்டு. எங்கோ சண்டை மூண்டுவிட்டது, எண்ணெய்க் கப்பல் வராது என்றார்கள். அந்த மாதம் பத்தாம் தேதி சட்டம் வந்தது. நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றைப்படையாக இருந்தால் ஒற்றைத் தேதியில் மட்டும் வண்டியைத் தெருவில் இறக்கலாம், பெட்ரோல் பங்கில் நிற்கலாம். இரட்டைப்படை என்றால் இரட்டைத் தேதியில். மாறி ஓடினால் வண்டி பறிமுதல். ஒரு வண்டிக்கு ஒரு தடவைக்குப் பத்து லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.

ஒரே வாரத்தில் ஸ்டாண்டில் எல்லோருடைய பெயரும் செத்துப்போனது. கடைசி எண்தான் பெயர். மூன்று, எட்டு, ஒன்று. சைபரில் முடிகிற வண்டிக்காரன் ஒருவன் இருந்தான். சைபர் ஒற்றையா இரட்டையா என்று போலீஸ்காரருக்கே சந்தேகம். "சைபர்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஒண்ணுமில்லாதவனுக்கு எதுக்குய்யா பெட்ரோல்?" என்று இரண்டு நாள் அவனைத் துரத்திவிட்டார். ஸ்டாண்டே சிரித்தது. அவன் வீட்டில் அடுப்பு எரியாதது பிறகுதான் தெரிந்தது.

இவன் நாலு. பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவன் ஏழு. எங்கே வாய்ச்சண்டை வந்தாலும், "ஏழரையைக் கூட்டாதடா, இருக்கற ஏழே போதும்" என்று யாராவது சொல்வார்கள். ஏழும் சேர்ந்து சிரிப்பான். சிரிப்பதற்கு அவனுக்கு அந்த ஸ்டாண்டை விட்டால் வேறு இடம் கிடையாது.

பங்கு வரிசை இரண்டு தெருவைத் தாண்டி வளைந்து நிற்கும். வரிசையில் யாரும் இன்ஜினைப் போடமாட்டார்கள். முன் வண்டி நகர்ந்தால், கதவைத் திறந்து, ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்து, தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்துத் தள்ள வேண்டும். வண்டிகள் செத்த மாடுகள் மாதிரி சத்தமில்லாமல் ஊரும். மனிதர்கள் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த நாட்களில்தான் டின் கணக்கு வந்தது. பெட்ரோலைச் சேர்த்து வைத்தால் ஜெயில். ஆகவே யாரும் எதையும் எழுதுவதில்லை. இன்றைக்கு உன் நாள், நாளைக்கு என் நாள். இல்லாதவன் இருக்கிறவனிடம் வாங்கிக்கொள்வான். டேங்கில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சி, ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் டின்னில் அளந்து ஊற்றுவார்கள். திருப்பித் தரும்போதும் அதே டின். ஒரே ஒரு கட்டளைதான்: தன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டவன், சவாரிக்குப் போகும் முன்னால், கடன் கொடுத்தவனுக்கு முதல் டின்னை ஊற்றிவிட வேண்டும். அதில் தப்பினவனுக்கு ஸ்டாண்டில் யாரும் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள்.

ஏழின் பெண்டாட்டி பஞ்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் கட்டி, கட்டிலோடு கிடந்தாள். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில், "ஆக்ஸிஜன் சிலிண்டர் நீங்க கொண்டுவந்தா கட்டில் தர்றோம்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டில் வீட்டிலேயே இருந்தது. ஒரு சிலிண்டர் நான்கு நாளைக்கு வரும். நிரப்புகிற பாக்டரி பாலத்துக்கு அந்தப் பக்கம், பதினெட்டு கிலோமீட்டர். பகல் பன்னிரண்டு மணியோடு மூடிவிடுவான். முன்பெல்லாம் அவர்களுடைய லாரியே கொண்டுவந்து இறக்கும். லாரி நின்றுபோனதும், ஏழு தன் டாக்சியின் பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, காலி சிலிண்டரைப் படுக்கப் போட்டுக்கொண்டு போய் மாற்றி வந்தான். போய்வர ஐந்து லிட்டர் குடிக்கும்.

ஒருநாள் சாயங்காலம் நாலு, ஏழு குடியிருந்த ஒற்றை அறைக்குப் போனான். அன்று ஏழின் நாள். பெட்ரோல் போட்டு, சவாரி ஓட்டி, ஆறு லிட்டர் மீதி வைத்திருந்தான்.

"அஞ்சு டின் குடுடா," என்றான் நாலு. "மரக்கடை முதலாளி விடியக்காலைல ஜங்ஷனுக்குப் போகணுங்கறார். ஒரு சவாரிக்கு ஒரு வாரக் கூலி தர்றாராம். பங்கு தொறக்கவே பத்து மணி ஆகும். அதுக்குள்ள மனுஷன் வேற வண்டி பாத்துடுவார்."

ஏழு சிலிண்டரின் தலையில் இருந்த கண்ணாடி மீட்டரைக் காட்டினான். முள் சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"நாளன்னிக்கு மத்தியானம் வரைக்கும்தான் தாங்கும். அன்னிக்கு விடியறப்ப நான் கெளம்பணும்."

"நாளன்னிக்குத்தானே? நாளைக்கு என் நாள். சவாரி முடிச்சு நேரா பங்குக்குப் போறேன். முதல் அஞ்சு டின் உனக்கு. என்னை நம்பலையா?"

"உன்னை நம்பறேன். உன் வண்டியைத்தான் நம்ப முடியல."

கட்டிலில் இருந்தவள் முகமூடியை விலக்கினாள். அவளுக்கு ஒரு வாக்கியம் பேச மூன்று மூச்சு வேண்டும். "குடுங்க... அண்ணன் கேக்கறாரில்ல." பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு ஒண்ணாந்தேதியா? மில்லுல... சம்பளம் போடுவாங்க," என்றாள்.

"ஆமா, உனக்குத்தான் கவர்ல போட்டு அனுப்பப் போறான்," என்றான் ஏழு. நாலு சிரித்தான். அவளும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

இரண்டு ஆண்பிள்ளைகளும் அந்த வார்த்தையைக் காதால் கேட்டார்கள். ஒருவன் மண்டையிலும் ஏறவில்லை. நேற்று நான், இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்றே மூன்று வாரம் ஓட்டியிருந்தார்கள். யாரும் காலண்டர் பார்ப்பதில்லை. பக்கத்து வண்டி ஓடினால் என் வண்டி நிற்கும், அவ்வளவுதான் கணக்கு. சட்டம் வந்தபிறகு முடிகிற முதல் மாதம் அது. அன்று தேதி முப்பத்தொன்று. மறுநாள் ஒன்று. இரண்டுமே ஒற்றை.

ஏழு தெருவில் குத்துக்காலிட்டு டியூபை வாயில் வைத்து உறிஞ்சினான். வாயில் வந்ததைத் துப்பினான். ஐந்து டின் அளந்தான்.

*

விடிகிற நேரத்தில் பாலத்துச் சோதனைச் சாவடியில் கம்பு குறுக்கே விழுந்தது.

"இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டான் போலீஸ்காரன்.

"நேத்து ஒத்தை. இன்னிக்கு ரெட்டை," என்றான் நாலு.

"தேதியைக் கேட்டேன்."

பின்சீட்டில் இருந்த மரக்கடை முதலாளிதான் முதலில் விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். "முட்டாப்பயலே, ஒண்ணாந்தேதிடா," என்று சொல்லிவிட்டுப் பாலத்தில் நடக்க ஆரம்பித்தார்.

சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வண்டியைக் கயிறு கட்டின வேலிக்குள் தள்ளச் சொன்னார்கள். தன் வண்டியைத் தானே தள்ளி ஒப்படைத்தான். "பெட்ரோலை மட்டும் எடுத்துக்கறேன் சார். என்னுது இல்ல. ஒரு பொம்பளை உயிரு," என்று கையைப் பிடித்தான்.

"பிடிச்ச வண்டியில இருக்கறது எல்லாம் கேஸ் சொத்து. உன் உள்ளாடைகூட வண்டிக்குள்ள இருந்தா கேஸ் சொத்துதான். போ."

எட்டு கிலோமீட்டர் நடந்து வந்தபோது பங்கு வரிசையில் ஏழு நின்றான். ஒற்றை வண்டிகளுக்கு அடித்தது யோகம் என்று காலையிலேயே ஊரெல்லாம் தெரிந்துபோய், வரிசை மூன்று தெரு நீண்டிருந்தது. ஏழுக்கும் அப்போதுதான் விஷயம் உறைத்திருந்தது. இன்றைக்குத் தன் வண்டி ஓடலாம், நாளைக்கு ஓட முடியாது. சிலிண்டருக்கு இன்றைக்கே போயாக வேண்டும். ஒரு லிட்டர் மீதியில் அவன் வந்து சேர்ந்ததே பெரிது.

நாலு வண்டியின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான். வண்டி திடீரென்று லேசானதும் ஏழு திரும்பிப் பார்த்தான்.

"வண்டி எங்கடா?"

"பாலத்துல."

"பெட்ரோல்?"

"வண்டியில."

ஏழு திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முன் வண்டி நகர்ந்தது, இவர்களும் தள்ளினார்கள். பதினோரு மணிக்குப் பங்குக்காரன் வாசலில் சங்கிலி கட்டினான். டேங்கர் லாரி வரவில்லை. ஏழு வரிசையில் இருந்த ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கேட்டான். எல்லோரும் டேங்கைத் தட்டிக் காட்டினார்கள். சில டேங்குகள் காலியாக ஒலித்தன. சில நிறைந்து ஒலித்தன. எல்லா வாயும் "காலிடா" என்றன.

இரண்டாம் தேதியும் லாரி வரவில்லை. அன்று விடியுமுன்பே இருவரும் மார்க்கெட்டிலிருந்து ஒரு கைவண்டியை வாங்கி, காலி சிலிண்டரைக் கயிற்றால் கட்டி, தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் கட்டிலுக்குக் காவல் இருந்தாள். போகும்போது சும்மா போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வரும்போது வெயில். உள்ளே இருப்பது காற்றுதானே, காலிக்கும் நிறைந்ததற்கும் என்ன பெரிய எடை என்று கேட்கலாம். தள்ளிப் பார்த்தவனிடம் கேட்கக் கூடாது.

பாலத்து ஏற்றத்தில், கயிறு வேலிக்குள் நாலின் டாக்சி நின்றது. டேங்கில் ஏழின் பெட்ரோலோடு. இருவரும் அதைத் தாண்டினார்கள். ஏழு அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. நாலு திருப்பினான். திருப்பின நேரத்தில் கைவண்டி பின்னால் சறுக்கியது. தோளைக் கொடுத்து நிறுத்தினான். உள்ளே ஏதோ ஒன்று 'டொக்' என்று இடம் மாறியது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல, தள்ளு."

மூன்றரை மணிக்குத் தெருமுனையில் திரும்பினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்றாள், குழந்தை இடுப்பில். அவள் ஓடி வரவில்லை. சீக்கிரம் வாங்க என்று கையாட்டவில்லை. அதைப் பார்த்ததும் ஏழு கைவண்டியின் பிடியை மெதுவாகத் தரையில் வைத்தான். அவசரமில்லாத வேலைக்காரன் வைப்பதுபோல் வைத்தான்.

முள் பூஜ்யத்துக்கு வந்தது பன்னிரண்டு மணிக்கு. மூச்சு நின்றது இரண்டரைக்கு.

பத்து நாள் கழித்து அபராதம் கட்டி வண்டியை மீட்டான் நாலு. வேலிக்குள் நின்ற வண்டியின் டேங்கில் ஒரு சொட்டுக்கூட இல்லை. கேஸ் சொத்தை யாரோ குடித்திருந்தார்கள். அடுத்த இரட்டைத் தேதியில் வரிசையில் நின்று பத்து லிட்டர் போட்டான். சவாரிக்குப் போகவில்லை. முதல் ஐந்து டின்னை அளந்து ஒரு கேனில் ஊற்றி, அந்த அறை வாசலுக்குக் கொண்டுபோனான். காலிக் கட்டிலில் குழந்தை தூங்கியது. புது சிலிண்டர் மூலையில் சீல் உடைக்காமல் நின்றது.

"உன் அஞ்சு லிட்டர்."

ஏழு கேனைப் பார்த்தான். குரல் ஏறவில்லை. "இப்ப எதுக்கு? வெச்சுக்க. நான் கேக்கறப்ப குடு."

"எப்ப கேப்ப?"

"வேணுங்கறப்ப."

அந்த மாதமே அவன் ஸ்டாண்டை விட்டு ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான்.

*

அன்றிலிருந்து கேன் வீட்டில் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழையதை வண்டியில் ஊற்றிவிட்டுப் புதிதாக ஐந்து லிட்டர் பிடித்து வைப்பார் நாலு. பெட்ரோலும் கெட்டுப்போகும். "அந்தக் கேன்தான் உங்களுக்கு மூத்த சம்சாரம்," என்று உயிரோடு இருந்தவரை மனைவி சொல்வாள். பத்து வருடம் கழித்து இன்னொரு தட்டுப்பாடு வந்தது. அந்த மூன்று வாரமும் வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். ஏழு வரவில்லை. வராமலே இருந்தது திட்டினதைவிடக் கொடுமையாக இருந்தது. திட்டு ஒரு நாளில் முடிந்துவிடும்.

பன்னிரண்டு மணி அடித்ததும் எழுந்து தகரக் கொட்டகைக்குப் போனார். உடைந்த நாற்காலியை நகர்த்தினார். கோணிச் சாக்கை எடுத்தார். கேன் இருந்த இடத்தில் இருந்தது. வலிக்கிற தோளுக்கு வேண்டாமென்று இடது கையால் தூக்கினார்.

கை சட்டென்று மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. ஐந்து லிட்டருக்கு வைத்திருந்த பலம் அத்தனையும் வெறும் தகரத்தைத் தூக்கியது.

மூடியைத் திறந்து கவிழ்த்தார். வாசனை மட்டும் விழுந்தது.

"அம்மாடி!"

மருமகள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். கேனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "அவர்தான் மாமா... முந்தாநாள் ராத்திரி ஊத்திட்டார். ஆபீஸ் வேலையா வெளியூர் போகணும், டேங்குல இல்லன்னார். அப்பா எதுக்கு இதைக் கட்டிக் காக்கறார், நான் வந்து ரொப்பி வெச்சுடறேன்னார்."

"வண்டி எங்க?"

"நேத்துக் காலைல எடுத்துட்டுப் போனார். நேத்து ரெட்டைத் தேதியில்ல? ஒருநாள் தங்கிட்டு அடுத்த ரெட்டைத் தேதிக்குத் திரும்பறேன்னார். அங்க போனப்புறம்தான் காலண்டரைப் பாத்திருக்கார். இன்னிக்கு முப்பத்தொண்ணாம், நாளைக்கு ஒண்ணாம். ரெண்டாந்தேதி வரைக்கும் வண்டியை அசைக்க முடியாதுன்னு போன்ல சொல்லிச் சிரிக்கறார்."

மகனுக்கு இந்தக் கதை தெரியாது. யாருக்கும் சொன்னதில்லை. ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்தக் கேனைத் தொட்டிருக்கமாட்டான். கேனைக் காத்தவர், அதற்கான காரணத்தையும் வாய்க்குள்ளேயே பூட்டிக் காத்திருந்தார்.

வாசல் கதவுக் கொக்கி தட்டும் சத்தம் கேட்டது.

ஏழு மெலிந்திருந்தான். தலையில் ஒரு கறுப்பு முடி இல்லை. கையில் ஒரு துணிப்பை. படியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தகர டின்னை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். பெயின்ட் போன, விளிம்பு நசுங்கின, ஒரு லிட்டர் ஆயில் டின்.

"தோள் இன்னும் கோணலாத்தான் இருக்கு," என்றான்.

"ம். உன் பொண்ணு?"

"அவளுக்காகத்தான் வந்தேன். சிறுநீரகம் ரெண்டும் போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ணணும். நாளைக்கு விடிஞ்சதும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கணும். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டா, வரிசையில இருக்கீங்கங்கறான். என் வண்டி அதே ஏழுதான், ஓடும். முந்தாநாள் பங்குல நிறுத்தினேன், கெடைக்கல. இன்னிக்கும் நின்னேன், காலைலயே சங்கிலி கட்டிட்டான்." மூச்சு வாங்கிக்கொண்டான். "இந்தத் தடவை காலண்டரைப் பாத்துட்டுத்தான் வந்தேன். இன்னிக்கு முப்பத்தொண்ணு. நாளைக்கு ஒண்ணு. ரெண்டும் என் நாள்."

நாலு கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எல்லா எடத்துலயும் கேட்டுப் பாத்தேன். எல்லா டேங்கும் காலியாம்," என்றான் ஏழு. பிறகு முதல்முறையாகச் சிரித்தான். "நீ வெச்சிருப்பேன்னு தெரியும். அதுக்குத்தானே உன்கிட்டயே விட்டு வெச்சேன்."

மருமகள் உள்ளே போய்விட்டாள். காலிக் கேன் கொட்டகை வாசலில் திறந்த வாயோடு கிடந்தது. படியில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியவில்லை. நாலுக்குத் தெரிந்தது. ஏழு அந்த டின்னை எடுத்து, உள்ளே இருந்த தூசியை வேட்டி நுனியால் துடைத்து, அளப்பதற்குத் தயாராக நீட்டினான்.

முப்பத்தாறு வருடம் கழித்துக் கேட்டுவிட்டான். நாலு, ஏழுக்கு இன்னும் ஐந்து லிட்டர் பெட்ரோல் கடன்பட்டிருந்தார்.